யூனிஸ்–6

பால் கெட்டுவிட்டதா என்று முகர்ந்து பார்க்கும் பழக்கம் எங்கள் வீட்டில் யாருக்கும் கிடையாது. அடுப்பில் வைத்தால் திரிந்துபோகும், தானே தெரிந்துவிடும். அதற்கு முன்னால் பாத்திரத்துக்குள் மூக்கை விடுவானேன்? வாயில் போடப்போகிற பொருளின்மேல் மூச்சு விடுவதைப் பார்த்தாலே எனக்குச் சிறு வயதிலிருந்து குமட்டும். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், நடந்தது எல்லாம் கடைசியில் இந்தப் பழக்கத்தில்தான் வந்து நிற்கிறது.

வாக்குமூலத்தைக் கன்னடத்திலேயே எழுதித் தரலாம் என்றீர்கள். இருபத்தாறு வருஷமாகப் பெங்களூரில் இருக்கிறேன், கன்னடம் நன்றாகவே வரும். ஆனால் கையெழுத்துப் போடப்போகிற விஷயத்தை என் மொழியில் எழுதுவதுதான் சுத்தம். உங்கள் ரைட்டருக்குத் தமிழ் படிக்கத் தெரியுமாம். அவர் மாற்றி எழுதிக்கொள்ளட்டும். தேநீருக்கு நன்றி. டம்ளர் விளிம்பில் யாருடைய உதட்டுக் கறையோ ஒட்டிக்கொண்டிருந்தது, அதனால் குடிக்கவில்லை. தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

என் பெயர் வெங்கடகிருஷ்ணன். வயது ஐம்பத்து நான்கு. தொம்மலூரில் சொந்த வீடு, ஒண்டி ஆள். மனைவி சாந்தகுமாரி ஏழு வருஷத்துக்கு முன்பே சேலத்தில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். உங்களோடு குடித்தனம் நடத்துவது ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்ட மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். நான் பார்த்த எந்த ஆஸ்பத்திரியும் என் வீடு அளவுக்குச் சுத்தமாக இல்லை என்பதை மட்டும் இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

ஊருக்கு வெளியே இருக்கும் பயிர்நோய் ஆராய்ச்சி நிலையத்தில் 1976-லிருந்து பூஞ்சைக் காப்பாளர் வேலை. பூஞ்சைக்கு ஒரு காப்பாளரா என்று உறவுக்காரர்கள் கேலி செய்வார்கள். நெல்லையும் ராகியையும் கெடுக்கிற பூஞ்சைகளை நிலையத்தில் உயிரோடு வைத்திருக்க வேண்டும். ராகியில் புது ரகம் ஒன்று வந்தால் அதன்மேல் அவற்றைத் தெளித்துப் பார்ப்பார்கள். பயிர் தாங்கினால் ரகம் விவசாயிக்குப் போகும். தெளிப்பதற்கு வேண்டிய பூஞ்சையைக் கொடுப்பது என் பொறுப்பு. என்னிடம் நானூற்றுப் பன்னிரண்டு குழாய்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் என் கையால் எழுதிய லேபிள். ஒன்றில்கூட வேறு பூஞ்சை கலந்ததில்லை. டெல்லியிலிருந்து வந்த ஒரு பெரிய அதிகாரி, இவ்வளவு சுத்தமான சேகரிப்பை நான் எங்கும் பார்த்ததில்லை என்று வருகைப் பதிவேட்டில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். வேண்டுமானால் எடுத்துப் பார்க்கலாம்.

யாரிடமும் சொல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பூஞ்சையைக் கண்டாலே அருவருப்பு. அந்த ரோமம், அந்தச் சாம்பல் நிறம், அழுகலில் கொழுக்கும் அந்தக் கொழகொழப்பு எதையும் என்னால் சகிக்க முடியாது. அதனால்தான் அவ்வளவு ஒழுங்காகப் பூட்டி வைத்தேன். பிடித்தவன் கையில் கொடுத்திருந்தால் இடத்தைச் சந்தைக்கடை ஆக்கியிருப்பான்.

கிளிசரால் விஷயத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். உதடு வெடித்தால் தடவிக்கொள்ள மருந்துக் கடையில் கிளிசரின் என்று விற்பார்களே, அதுதான். ராகிக்குக் குலைநோயைக் கொண்டுவரும் பூஞ்சைக்குப் பல்லும் இல்லை, நகமும் இல்லை. அதன் வித்து இலைமேல் விழுந்து, பனி ஈரம் பட்டதும் முளைத்து, சின்னக் குமிழாக உப்பி ஒட்டிக்கொள்ளும். பிறகு அந்தக் குமிழுக்குள் கிளிசராலைச் சேர்க்கும். சேரச் சேர அது தண்ணீரை உள்ளே இழுக்கும். குமிழின் சுவர் விரியாது, ஆகவே அழுத்தம் ஏறும். கார் டயரில் இருப்பதைவிட நாற்பது மடங்கு அழுத்தம் என்கிறார்கள். அந்தப் பலத்தில் அடியிலிருந்து ஒரு முளையை இறக்கி இலைத் தோலைக் குத்தித் துளைத்துவிடும். உள்ளே போனபின், இலை தனக்கென்று வைத்திருக்கும் கிளிசராலையே எடுத்துத் தின்று வளரும் பூஞ்சைகளும் உண்டாம். ஆபத்து வந்ததை இலை தன் மற்ற பாகங்களுக்குச் சொல்வதற்கும் கிளிசரால்தான் உதவுகிறதோ என்று எங்கள் மாணவி யூனிஸ் சந்தேகப்பட்டாள். அடிப்பவனுக்கும் அடிபடுபவனுக்கும் ஒரே சரக்கு.

எனக்கும் அதே சரக்குதான். பூஞ்சை வித்துகளைக் கிளிசரால் கலந்த நீரில் போட்டு பூஜ்யத்துக்குக் கீழே எண்பது டிகிரி குளிரில் வைத்தால் அவை சாகாமல் தூங்கும். பத்து வருஷம் கழித்து எடுத்தாலும் எழுந்துவிடும். 1994-ல் எங்களுக்கு அந்த உறைபெட்டி வந்தது. அதுவரை மாதாமாதம் ஒரு குழாயிலிருந்து இன்னொரு குழாய்க்கு மாற்றி மாற்றித்தான் உயிரோடு வைத்திருந்தேன்.

யூனிஸ் 1998 ஆகஸ்டில் பிஎச்.டி. மாணவியாகச் சேர்ந்தாள். விவேக் நகரில் குழந்தை இயேசு கோயிலுக்குப் போகிற வழியில் அவள் அப்பா ஓஸ்வால்டின் பேக்கரி. முதல் நாளே என் அலமாரியில் கிளிசரால் பாட்டிலைப் பார்த்துவிட்டு, இது எங்கள் வீட்டுச் சாமான் என்று சிரித்தாள். கல்யாணக் கேக்கின் ஐசிங் கல்லாக இறுகிவிடாமல் இருக்க அதில் இரண்டு சொட்டு விடுவார்களாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பூஞ்சை வேலை நடக்கும் அறைக்குள் ஈஸ்ட் புளித்த வீட்டிலிருந்து ஒருத்தியை விடுகிறார்களே என்றுதான் நினைத்தேன். அவள் துணியிலும் முடியிலும் எப்போதும் ஒரு மாவு வாசனை இருந்தது.

பூஞ்சை வளர்க்கும் கண்ணாடித் தட்டைத் திறந்தால் அவள் உடனே குனிந்து முகர்வாள். மாவு பதமாகப் புளித்துவிட்டதா என்று அவள் அப்பா மூக்காலேயே சொல்லிவிடுவாராம், அந்த மூக்கு இவளுக்கும் வாய்த்திருந்தது. தட்டில் வேறு பூஞ்சை கலந்திருந்தால் கண்ணுக்குத் தெரிவதற்கு ஒரு நாள் முன்பே வாசனையில் கண்டுபிடித்துவிடுவாள். எங்கள் தலைவர் டாக்டர் சுந்தரமூர்த்தி அதை எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வார். நானோ, முகராதே அம்மா, அது நல்லதில்லை என்று முதல் வாரத்திலேயே சொன்னேன்.

“மூக்கு தன்னால போயிடுது சார்,” என்றாள்.

அவளுக்கு ஆஸ்துமாவும் இருந்தது. ஏப்ரன் பையில் நீல நிறத்தில் ஒரு இன்ஹேலர் எப்போதும் இருக்கும். அதை வாயில் வைத்து உறிஞ்சிவிட்டு அதே கையால் மேசையைத் தொடுவாள். மத்தியானம் முட்டை பப்ஸைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து உதிர்த்து உதிர்த்துத் தின்பாள். நாங்கள் டீ குடிக்கும் கண்ணாடி டம்ளர்களில் அவளுடையதன் அடியில் சிவப்பு மார்க்கரால் ஒரு புள்ளி வைத்தேன். இதற்கு ஜாதி, மதம் என்று யாராவது பெயர் வைப்பார்கள். அப்படியெல்லாம் எனக்குக் கிடையாது. பூஞ்சைகளைக் கலக்காமல் பிரித்து வைப்பது போலத்தான் இதுவும். மற்றவர்களுடைய டம்ளர்களுக்குப் புள்ளி தேவைப்படவில்லை.

இரண்டாயிரத்தில் அக்டோபர் கடைசியில் சந்தாபுராப் பக்கத்திலிருந்து விவசாயிகள் வந்தார்கள். குலைநோயைத் தாங்கும் என்று எங்கள் நிலையம் கொடுத்த ராகி ரகம். கதிர் பால் பிடிக்கும் சமயத்தில் கழுத்துக் கறுத்து ஒடிந்துவிட்டது. கிட்டத்தட்ட நாற்பது ஏக்கர் பதர். டாக்டர் சுந்தரமூர்த்தியோடு யூனிஸும் போய்ப் பார்த்துவிட்டு, நோய் வந்த கதிர்களைப் பிளாஸ்டிக் பையில் அள்ளிக்கொண்டு வந்தாள். பை உள்ளே வியர்த்து, கதிர்கள் அழுகி, அடியில் கறுப்பாக நீர் தேங்கியிருந்தது. அதை என் மேசைமேல் வைத்தாள். அவள் போனபிறகு மேசையை மூன்று தடவை ஸ்பிரிட் விட்டுத் துடைத்தேன். ஆனாலும் அன்று சாப்பிட முடியவில்லை.

அந்த அழுகலிலிருந்து பூஞ்சையைப் பிரித்தெடுத்து, என் சேகரிப்பில் இருந்த இருபத்தாறு ராகிப் பூஞ்சைகளோடு ஒப்பிட ஆரம்பித்தாள். ஆறு மாதம் அதே வேலை. ஒரு நாள், 2001 மே மாதம், மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் என் அறைக்கு வந்தாள். கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள்.

“சார், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. உங்க பூஞ்சைங்க எல்லாம் உயிரோட இருக்கு, தட்டுல ரொம்ப அழகா வளருது. ஆனா இலையக் குத்தறதையே மறந்துடுச்சு. குமிழ் வருது, உள்ள கிளிசரால் சேரல. ஃபீல்டுல இருந்து எடுத்தது ரெண்டே நாள்ல துளைக்குது. அதனாலதான் நம்ம டெஸ்ட்ல அந்த ராகி தாங்கின மாதிரி தெரிஞ்சிருக்கு. வருஷத்துக்கு ஒரு தடவ இலைல ஏத்தணும் இல்ல சார், ஏத்தினீங்களா?”

இலையில் ஏற்றுவது என்பது எங்கள் தொழிலில் ஒரு விதி. பூஞ்சையைத் தட்டிலேயே வைத்துச் சோறு போட்டுக்கொண்டிருந்தால் சோம்பேறியாகிவிடும், நோய் உண்டாக்கும் பலம் போய்விடும். ஆகவே வருஷத்துக்கு ஒருமுறை உயிருள்ள செடியில் அதைத் தொற்றவைத்து, செடி நோயில் விழுந்ததும் அந்தப் புண்ணிலிருந்து திரும்பப் பிரித்தெடுத்து வைக்க வேண்டும். செய்ததும் பதிவேட்டில் ‘ஏற்றப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

1982 மழைக்காலத்தில் அப்படி ஏற்றிய இலைகளிலிருந்து சிலந்திப் பேன் கிளம்பி என் குழாய்களுக்குள் ஊர்ந்துவிட்டது. பஞ்சடைப்பை நீக்கிப் பார்த்தேன், வெள்ளை வெள்ளையாக நெளிந்துகொண்டிருந்தது. அங்கேயே வாந்தி எடுத்தேன். அதற்குப் பிறகு ஒரு நோய் இலையைக்கூட என் அறைக்குள் விட்டதில்லை. ஒவ்வொரு ஜனவரியிலும் நானூற்றுப் பன்னிரண்டு வரிகளிலும் ‘ஏற்றப்பட்டது’ என்று மட்டும் எழுதி வந்தேன். பத்தொன்பது வருஷம். இந்த வாக்குமூலத்தில் எனக்குக் கூச்சம் தரும் பகுதி இது ஒன்றுதான்.

செய்யவில்லை என்று அவளிடம் ஒப்புக்கொண்டேன். அவள் கோபப்படுவாள், நேராகத் தலைவரிடம் போவாள் என்று எதிர்பார்த்தேன். அப்படிச் செய்திருந்தால் ஒருவேளை எல்லாமே வேறு மாதிரி போயிருக்கும். அவள் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“பரவால்ல சார். தீசிஸ்ல உங்க பேர் வராது. ரொம்ப நாள் தட்டுல வளர்ந்ததுன்னு மட்டும் போட்டுடறேன், ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம். புதுசா ஃபீல்டுல இருந்து எடுத்து கலெக்‌ஷன திரும்பக் கட்டலாம். நான் ஹெல்ப் பண்றேன்.”

அவள் போனபின் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினேன். மேசை டிராயரில் ரொட்டியை வைத்துவிட்டு ஊர் சுற்றப் போகிறவள் என்னை மன்னிக்கிறாள்.

ரொட்டி என்றேன் அல்லவா. அந்த வருஷம் ஈஸ்டர் விடுமுறைக்கு முன்னால் அப்பா கடை ரொட்டியில் பாதியை டிராயரிலேயே மறந்துவிட்டுப் போனாள். ஐந்தாம் நாள் நான்தான் நாற்றம் கண்டு திறந்தேன். பச்சையாகப் பூத்து, தொட்டால் புகை மாதிரி தூள் கிளம்பியது. மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு இடுக்கியால் எடுத்து எரித்தேன். எரிக்கும் முன் ஒரு துளி எடுத்து வளர்த்து, கிளிசராலில் போட்டு உறைபெட்டியில் வைத்தேன். காப்பாளன் எதையும் பெயரில்லாமல் எறிவதில்லை. அப்போது எனக்கு வேறு எண்ணம் எதுவும் கிடையாது.

யூனிஸ் ஒப்பீட்டை இரண்டு முறை முடித்துவிட்டாள். மூன்றாம் முறையும் அதே விடை வந்தால் தீசிஸ் முடிந்தது. டிசம்பரோடு அவளுடைய உதவித்தொகை நின்றுவிடும். அதற்குள் முடிக்கவில்லை என்றால் அந்த அத்தியாயம் இல்லாமலேயே கொடுத்துவிட வேண்டியதுதான், இல்லாவிட்டால் பட்டத்தை மறந்துவிட வேண்டியதுதான். நான் விரும்பியது அந்தத் தாமதத்தைத்தான். ஜூன் மாதத்திலிருந்து அவளுடைய தட்டுகளில் அவளுடைய ரொட்டிப் பூஞ்சையையே வைத்தேன். அவள் ஒன்பது மணிக்கு வருவாள், நான் ஏழரைக்கே வந்துவிடுவேன். என் கைக்கு அது அரை நிமிஷ வேலை. அவளுடைய பொருளை அவளிடமே சேர்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

தட்டைத் திறந்தாள். பச்சை கண்ணுக்கே தெரிந்தது. ஆனாலும் முகர்ந்தால்தானே அவளுக்கு நிச்சயம். குனிந்தாள், தூள் எழுந்து முகத்துக்குப் போனது. கொஞ்ச நேரம் இருமினாள், நீல இன்ஹேலரை எடுத்தாள். நான் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்தேன். தட்டு கெடும் என்று மட்டும்தான் கணக்குப் போட்டிருந்தேன். இந்த இருமல் நான் தேடிப் போனதல்ல.

பேக்கரியிலிருந்துதான் வருகிறது என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. டாக்டர் சுந்தரமூர்த்தி அவளைக் கூப்பிட்டு, குளித்துத் துணி மாற்றிக்கொண்டு வரச் சொன்னார். அவள் நிலையத்துக்கு வந்து மறுபடி குளித்தாள். தலையைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டாள். அப்பா கடைக்குள் போவதை நிறுத்தினாள். கடைசியில் வீட்டையே விட்டு, அத்தை வீட்டில் போய்த் தங்கினாள். கை எப்படிக் கழுவ வேண்டும், நகத்தடியில் எப்படித் தேய்க்க வேண்டும் என்று என்னிடம் வந்து கேட்டுக் கற்றுக்கொண்டாள். நன்றாகவே கற்றுக்கொடுத்தேன். மூன்று வருஷத்தில் முதல் முறையாக அவளைப் பார்க்க எனக்கு அருவருப்பில்லாமல் இருந்தது.

ஆகஸ்ட் இரண்டாம் வாரம் அவள் இருமித் துப்பிய காகிதம் ஒன்று குப்பைக்கூடையில் மேலாகக் கிடந்தது. மஞ்சள் சளி, நடுவில் பழுப்பாக ஒரு சின்னக் கட்டி. வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். பிறகு இடுக்கியால் அதை எடுத்துத் தட்டில் வைத்தேன். மூன்றாம் நாள் அதே பச்சை எழுந்தது.

நீங்கள் இந்த இடத்தைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். உயிருள்ள ஒன்றில் தொற்றவைத்து, அது நோயில் விழுந்ததும், அந்தப் புண்ணிலிருந்து திரும்பப் பிரித்தெடுப்பது. பத்தொன்பது வருஷம் நான் செய்யாமல் செய்ததாக எழுதிய வேலை. அருவருப்பை அடக்கிக்கொண்டு, விதிப்படி, அந்தப் பேனுக்குப் பிறகு முதல் முறையாகச் செய்து முடித்திருந்தேன். புதிய பக்கத்தில் ‘ஏற்றப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். குழாய்க்கு ‘யூனிஸ்–1’ என்று லேபிள் ஒட்டினேன். மறுவாரம் அதிலிருந்தே அவள் தட்டுக்குத் திரும்ப வைத்தேன்.

பிறகு நடந்ததை நான் ஆத்திரத்தில் செய்யவில்லை. ஒழுங்காகச் செய்தேன். ஒவ்வொரு முறையும் குப்பைக்கூடையில் கை விட வேண்டியிருந்தது, ஒவ்வொரு முறையும் குமட்டியது. மூன்றாம் ஏற்றத்தில் தட்டு திறந்த இரண்டு மணி நேரத்துக்குள் இழுப்பு வந்தது. நான்காம் ஏற்றத்தில் சளியில் ரத்த இழை. ஐந்தாம் ஏற்றத்தின்போது அவளால் மாடிப்படி ஏற முடியவில்லை, பாதியில் உட்கார்ந்துவிட்டாள். எல்லாவற்றையும் தேதியோடு குறித்திருக்கிறேன். பூஞ்சைக்குப் பலம் ஏறியதா, அவள் நெஞ்சுதான் தளர்ந்துகொண்டு வந்ததா என்பதை என் குறிப்புகளை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு ஆள் இருந்திருக்க வேண்டும். அந்தக் குறையை ஒப்புக்கொள்கிறேன். முகராதே என்று மட்டும் தவறாமல் சொல்லிக்கொண்டே இருந்தேன். சரி சார் என்பாள். மறுநாள் மூக்கு தன்னால் போய்விடும்.

மூன்றாம் ஒப்பீடு முடியவே இல்லை. டிசம்பர் முதல் வாரம் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஆஸ்துமா முற்றிவிட்டது என்றார்கள், நுரையீரலில் பூஞ்சை என்று பிறகு சொன்னார்கள். மாவுத் தூசியில் வளர்ந்த பெண் என்பதால் யாருக்கும் ஆச்சரியமில்லை. ஜனவரி ஒன்பதாம் தேதி இறந்துபோனாள். வயது இருபத்தேழு. அடக்கத்துக்குப் போயிருந்தேன். கூட்டத்தில் எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து அழுதுகொண்டிருந்ததால் வெளியே வேப்பமரத்தடியில் நின்றுவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து அவள் அப்பா ஓஸ்வால்ட் நிலையத்துக்கு வந்தார். பெரிய உடம்பு, சட்டை தொளதொளவென்று ஆகியிருந்தது. கையில் ஒரு அட்டைப் பெட்டி.

“கிறிஸ்மஸுக்கே உங்களுக்குக் கேக்குன்னு புள்ள சொல்லி வெச்சிருந்துச்சு சார். கிளிசரின் போட்டது, ஐசிங் இன்னும் இறுகல. பேக்கரிய மூடிட்டேன். எம் மாவுதான் சார் எம் புள்ளயக் கொன்னுடுச்சு. போறதுக்கு ரெண்டு நாள் முன்னகூட சொல்லுச்சு, அந்தப் பச்ச எங்கருந்து வருதுன்னு வெங்கட் சார் கண்டுபுடிச்சிடுவாருப்பான்னு.”

நான் மறுத்துப் பேசவில்லை. துக்கத்தில் இருப்பவரோடு வாதாடுவது நாகரிகமல்ல. ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டேன், தண்ணீர் கொடுத்தேன். சிவப்புப் புள்ளி வைத்த டம்ளரில்தான் கொடுத்தேன். அவர் போனதும் பெட்டியைத் திறக்காமல் எரிகலனில் போட்டேன். யார் யார் கை பட்டதோ.

இனி நீங்கள் அறிந்த கதைதான். இந்த ஏப்ரலில் சேகரிப்பு விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலையைத் தர்ஷினி என்ற புது மாணவிக்குக் கொடுத்தார்கள். உறைபெட்டியில் பதினான்காம் அடுக்கில் ஆறு குழாய்கள் வரிசையாக இருந்ததைப் பார்த்துவிட்டு, பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். பூஞ்சையின் பெயர், எடுத்த தேதி, எந்தச் செடியிலிருந்து என்று அதில் கட்டங்கள் உண்டு.

“சார், எந்தச் செடிங்கற இடத்துல யூனிஸ், விவேக் நகர்னு எழுதியிருக்கு. தப்பா எழுதிட்டீங்களா?”

தப்பு என்று சொல்லியிருந்தால் அடித்துவிட்டுப் போயிருப்பாள். அவளே அதற்கு வழியும் எடுத்துக் கொடுத்தாள். ஆனால் பதிவேட்டில் இனி ஒரு பொய் வரியும் எழுதுவதில்லை என்று யூனிஸ் என் அறைக்கு வந்துபோன அன்றே முடிவு செய்திருந்தேன். சரியாகத்தான் எழுதியிருக்கிறது என்றேன். தர்ஷினி பக்கங்களைப் புரட்டினாள். ஐந்தாம் ஏற்றத்தின் குறிப்பு வரை படித்தாள் என்று நினைக்கிறேன். பிறகு என் தரையிலேயே வாந்தி எடுத்துவிட்டாள். அதைச் சுத்தம் செய்ய எனக்கு அரை மணி நேரம் ஆனது. அதற்குள் உங்கள் ஜீப் வந்துவிட்டது.

ஆகவே தெளிவாக எழுதிவிடுகிறேன். ஓஸ்வால்டின் மகள் யூனிஸ், வயது இருபத்தேழு, 2001 ஜூன் முதல் நவம்பர் வரை தன் வேலைத் தட்டுகளைத் திறந்து முகர்வாள் என்று தெரிந்தே, அவற்றில் பூஞ்சையை வைத்தவன் நான். அவள் நெஞ்சிலிருந்து வந்ததை எடுத்து வளர்த்து ஆறு முறை அவளுக்கே திரும்பக் கொடுத்தவனும் நான். அவள் செத்ததற்கு நான்தான் காரணம். வேறு யாருக்கும் இதில் தொடர்பில்லை. ஓஸ்வால்டின் மாவுக்கும் தொடர்பில்லை, அவரிடம் சொல்லுங்கள், பேக்கரியைத் திறந்துகொள்ளலாம். சந்தாபுரா நாற்பது ஏக்கருக்குக் காரணம் என் பதிவேட்டுப் பொய் என்பதைத் தனித் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். முதலில் அதைப் படியுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். ‘யூனிஸ்–6’ குழாயைச் சாட்சிப் பொருளாக எடுத்துக்கொண்டு போகும்போது பனிக்கட்டியில் வைத்து எடுத்துப் போகவும். கிளிசராலில் இருக்கிறது, சாகாது, எத்தனை வருஷம் வழக்கு நடந்தாலும் உயிரோடுதான் இருக்கும். என் கடைசி இருபது வருஷ வேலையில் விதிப்படி ஏற்றிவைத்தது அது ஒன்றுதான். கோர்ட்டில் யாராவது திறக்க நேர்ந்தால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு திறக்கட்டும். முகர்ந்து பார்க்க வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். அது நல்ல பழக்கமில்லை என்று அந்தப் பெண்ணுக்கும் நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், அவள் கேட்கவில்லை.